மூச்சு மாறிடுச்சு

சங்கையா குடும்பத்தில் வாக்குப் பிசகியவர் யாரும் இல்லை. மேல் டிவிஷனில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவருடைய அப்பா போடிமெட்டு வழியாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையாள நாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறிய கங்காணி. கங்காணிமுறையைச் சர்க்கார் எடுத்த பிறகும், சங்கையா வேலையிலிருந்து நின்ற பிறகும், தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனம் அவரைக் கங்காணி ஐயா என்றுதான் கூப்பிட்டது. ஆபீசில் மலையாளம், லயத்தில் தமிழ். அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் கொண்டு சேர்த்தவர் அவர். வழியில் ஒரு சொல்லைக்கூடச் சிந்தியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைக்கு அவர் முழுத் தகுதி உடையவராகவே அதுவரை இருந்தார்.

எழுபத்திநாலாம் வருஷம், மழை தொடங்குவதற்கு முன்பு, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த லேடி டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். வார்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த ஆயாக்களுக்கும், லயத்திலிருந்து கொஞ்சம் படித்த மூன்று நான்கு பெண்களுக்கும் நோயாளியைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பது. காய்ச்சல் பார்ப்பது, நாடி பிடிப்பது, மூச்சு எண்ணுவது, வித்தியாசம் கண்டால் உடனே நர்ஸிடம் போய்ச் சொல்வது. இருக்கிற ஒரு நர்ஸால் முப்பது கட்டிலையும் பார்க்க முடியவில்லை. டாக்டரம்மா கோட்டயம் பக்கத்துக்காரர். அவருக்குத் தமிழ் காதில் ஏறவில்லை. வகுப்புக்கு மொழி சொல்ல ஆள் வேண்டும் என்றதும் எல்லாருடைய விரலும் சங்கையாவைத்தான் காட்டியது.

அவருடைய மருமகள் பூமாரியும் அந்த வகுப்பில் சேர்ந்தாள். எட்டாவது வரை படித்தவள். ஆஸ்பத்திரி வேலை என்றதும் சங்கையா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மாவே வீடு தேடி வந்து கேட்ட பிறகு, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"கையைப் பிடிச்சு நாடி பார்க்கட்டும். மலச்சட்டி எடுக்க எம்மருமவ வரமாட்டா."

டாக்டரம்மாவுக்கு இதை அவரே மலையாளத்தில் சொன்னார். ஒரு சொல் சிந்தாமல் சொன்னார்.

வகுப்பு வார்டுக்குப் பின்னால் இருந்த மருந்துக் கிடங்கில் நடந்தது. சங்கையாவுக்கு மட்டும் நாற்காலி. பெண்கள் பெஞ்சில். கட்டைவிரலை வைத்து நாடி பிடிக்கக் கூடாது, ஏனென்றால் கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு. மூன்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சங்கையா சொன்னார். மூச்சை எண்ணும்போது நோயாளிக்கு அது தெரியக் கூடாது, தெரிந்தால் அவர் மூச்சைப் பிடித்து விடுவார். அதனால் நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும் என்றார். சங்கையா அதையும் சொன்னார்.

"அப்ப நோயாளியை ஏமாத்தணும்னு சொல்லுங்க," என்றாள் கத்தரீனாள். அவள் பழைய ஆயா, வாய் சும்மா இருக்காது. "எங்க வீட்டுக்காரரை இருவது வருசமா நான் அப்படித்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. டாக்டரம்மா என்னவென்று கேட்டார். சங்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்லை," என்று மலையாளத்தில் சொன்னார்.

"கங்காணி ஐயா, நான் சொன்னதை நீங்க சொல்லலையே?"

"சொல்லத்தக்கதைத்தான் சொல்லுவேன் கத்தரீனா."

"அது சரி. பூமாரி நாடி பிடிச்சா நோயாளிக்கு பயத்துல நாடியே நின்னுரும். மாமனாரு இங்கனயே உக்காந்திருக்காரே!"

பூமாரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சங்கையா சிரிக்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மா எழுந்து நின்று, இதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு ஒன்று சொன்னார். நோயாளியிடம் ஏதாவது மாற்றம் கண்டால் உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். சங்கையா பெஞ்சைப் பார்த்து உரத்த குரலில் தமிழாக்கினார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. நாடியோ மூச்சோ மாறிச்சுன்னா, சிஸ்டர்கிட்ட ஓடிப்போயி 'மாறிடுச்சு'ன்னு சொல்லணும். எத்தனைன்னும் சொல்லணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"மாறிடுச்சு," என்று பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பூமாரி புருஷன் சுருளிவேலின் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். ஒரு தடவை எழுபத்தெட்டு வந்தது, மறு தடவை எண்பத்துநாலு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சங்கையா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா பாரு தாயி. உறுதியாத் தெரிஞ்சா மட்டும் எண்ணிக்கையைச் சொல்லு. தப்பா ஒண்ணைச் சொல்லி, கங்காணி மருமவளுக்கு எண்ணத் தெரியலைன்னு நாலு பேரு சிரிக்க வச்சிராத. என்ன?"

"சரிங்க மாமா," என்றாள் பூமாரி.

ஆடி மாதம் பிறந்ததும் மழை வலுத்தது. கீழே பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கமிருந்து ஏறிவந்த மூட்டம் நாலைந்து நாள் கலையவே இல்லை. கொழுந்து எடுக்கிற அழகுத்தாய் என்ற பெண் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக விழுந்தாள். புருஷன் பெரியமுத்து அவளைக் கம்பளியில் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஆனாலும் தேறிவிடுவாள் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போட்டார். மூச்சை மணிக்கொரு தடவை எண்ணும்படி பூமாரியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் ஜீப்பில் வேறொரு டிவிஷனுக்குப் போனார்.

அன்று வார்டில் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் த்ரேஸ்யாக்குட்டி. தொடுபுழையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத சின்னப் பெண். மத்தியானத்துக்கு மேல் ஒரு பிரசவம் வந்தது, குழந்தை குறுக்கே கிடந்தது. சிஸ்டர் பிரசவ அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

அழகுத்தாயின் மூச்சு காலையிலிருந்து நிமிஷத்துக்கு முப்பதுக்குள் ஒரே நிதானமாகத்தான் இருந்தது. பிற்பகலில் பூமாரி பார்த்தபோது மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கியது. விலாவெலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். நாற்பத்தாறு. நம்ப முடியாமல் திரும்ப எண்ணினாள். இந்தத் தடவை ஐம்பதுக்குப் பக்கத்தில் போனது. எழுந்து ஓடினாள்.

பிரசவ அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அலறல். அவள் வெளியிலிருந்தே கூப்பிட்டாள்.

"சிஸ்டர்! அழகுத்தாய்க்கு மூச்சு மாறிடுச்சு!"

"மாறியோ?"

"ஆமா சிஸ்டர். மாறிடுச்சு."

"நன்னாயி. நீ அவிடெ இரி. ஞான் வராம்."

சொன்னது நல்லதாயிற்று என்கிறார், நீ அங்கே இரு நான் வருகிறேன் என்கிறார், இப்படித்தான் பூமாரி எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து அழகுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சிஸ்டர் வாராக, வந்துக்கிட்டே இருக்காக," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை எழுந்து கதவுவரை போனாள். உள்ளே தாயும் பிள்ளையும் போராடுவது கேட்டது. வருவதாகச் சொன்னவரை எத்தனை தடவை கூப்பிடுவது என்று திரும்பிவிட்டாள்.

குழந்தை அழுத சத்தம் கேட்டுச் சற்று நேரத்தில் சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டச் சொன்னார், ஊசி போட்டார், டாக்டரம்மாவைக் கூட்டிவர ஆள் விட்டார். ஜீப் வருவதற்குள் அழகுத்தாய் போய்விட்டாள்.

மறுநாள் யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு டிவிஷன் ஜனமும் நின்றது. கங்காணி மருமகள் ஓடிப்போய்ச் சொல்லியும் அந்த நர்ஸ் எட்டிப் பார்க்கவில்லை என்று லயம் லயமாகப் பேச்சுப் பரவியிருந்தது. சிஸ்டர் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்தபோது அழகுத்தாயின் சொந்தக்காரி ஒருத்தி அவர் முகத்தில் துப்பினாள். சிஸ்டர் துடைத்துக்கொண்டு, "என்னோடு மாறி என்னல்லே பறஞ்ஞது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் மாறி என்றுதானே சொன்னாள் என்பதுதான் அது. மலையாளத்தில் திட்டுகிறாள் என்று கூட்டம் இன்னும் கத்தியது.

மானேஜர் விசாரணை வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் மானேஜரும் டாக்டரம்மாவும். இந்தப் பக்கம் தொழிற்சங்கத்துக்காரர், பெரியமுத்து, ஒரு ஓரத்தில் பூமாரி, இன்னொரு ஓரத்தில் சிஸ்டர். நடுவில் நாற்காலி போட்டு, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகச் சங்கையா.

சிஸ்டர் அழுதுகொண்டே வேகமாகப் பேசினார். தான் பிரசவத்தில் இருந்ததாகவும், பூமாரி வந்து 'மாறி' என்று சொன்னதாகவும், தான் மறுபடி 'மாறியோ?' என்று கேட்டதாகவும், ஆமாம் மாறிவிட்டது என்று அவள் உறுதியாகச் சொன்னதாகவும் சொன்னார். மாறிவிட்டது என்று கேட்ட பிறகு, குழந்தை குறுக்கே கிடக்கிற பெண்ணை விட்டுவிட்டு யார் போவார்கள் என்று கேட்டார்.

சங்கையாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

மலையாளத்தில் சீக்கு மாறியது என்றால் சீக்கு போய்விட்டது, குணமாகிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு இது தெரியாததல்ல. ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. மூச்சு முட்டல் போய்விட்டது என்று சிஸ்டர் காதில் விழுந்திருக்கிறது. மூச்சு முன்போல் இல்லை என்று பூமாரி சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்தது ஒரு சொல். அதைப் பெண்களின் வாயில் வைத்து, பள்ளிக்கூடப் பாடம் மாதிரி திருப்பிச் சொல்லவைத்தவர் அவர்.

"சிஸ்டர் என்ன சொல்லுது கங்காணியாரே?" என்றார் சங்கத்துக்காரர்.

சங்கையா வாயைத் திறந்தார். அந்த ஒரு கணத்தில் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. அவர் பூமாரி பக்கம் திரும்பினார்.

"பூமாரி. அழகுத்தாய்க்கு மூச்சு முட்டல் குறைஞ்சு நல்லாயிருச்சுன்னு நீ சிஸ்டர்கிட்டச் சொன்னதா அவுக சொல்லுதாக. அப்படிச் சொன்னியா?"

"ஐயோ மாமா! சாமி சத்தியமா அப்படிச் சொல்லலை! எப்படிச் சொல்லுவேன்?"

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். அந்த மாதிரி தான் சொல்லவே இல்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள் என்று மலையாளத்தில் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகில்லை. சிஸ்டர் சொன்னதன் பொருளைத் தமிழில் சொன்னார். பூமாரி சொன்னதன் பொருளை மலையாளத்தில் சொன்னார். அத்தனை சரியாகச் சொல்லி ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினார்.

சிஸ்டர் அவரையே பார்த்தார். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. நர்ஸ் வேலைக்கு இனி எங்கே போய்க் கேட்டாலும் இந்த விஷயம் கூடவே வரும் என்று மானேஜர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. சங்கையாவும் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்ததும் ஜனம் வழிவிட்டது. பெரியமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க இல்லைன்னா எங்க பக்கத்து நியாயம் அந்த மேஜையைத் தாண்டியிருக்காது ஐயா," என்றான். டீக்கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். சங்கையா அந்த பெஞ்சில் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். முதுகு வளைந்து அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கொடுத்த டீயை அவர் குடிக்கவில்லை. ஆறிப்போன டீயை வைத்துவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார். அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அதன்பிறகு அவர் ஆபீஸ் பக்கம் போவதை நிறுத்தினார். தபால்காரர் மலையாளத்தில் நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பாஷையே தன்னைப் பார்த்து ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மருமகளை நாலு பேர் முன்னால் குற்றவாளி ஆக்குகிறவன் ஒரு மாமனாரா என்று கேட்டுப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலும் இருந்தது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் மனைவி சுருளியம்மாளுக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. அவர்கள் வீட்டு வழியாகப் போன ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வாசலில் நின்று விசாரித்தார்.

"அம்மே, பனி மாறியோ?"

"மாறிருச்சு சாமி. இப்பத் தேவலை. கசாயம் குடிச்சேன்," என்றாள் சுருளியம்மாள் உள்ளேயிருந்து.

"நன்னாயி," என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் போனார்.

பூமாரி குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். குடத்தை இறக்கவில்லை. நின்றபடியே மாமனாரைப் பார்த்தாள். சங்கையா சுவரைப் பார்த்தார்.

"மாமா. பனின்னா அவுக பேச்சுல காய்ச்சல். மாறின்னா என்ன மாமா?"

"மாறினா மாறினதுதான்."

"போயிருச்சுன்னு அர்த்தமா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர் அன்னிக்குப் பேசுனப்ப 'மாறி மாறி'ன்னு ஒரு சொல்லு வந்துச்சு. நான் அழுதுக்கிட்டு இருந்தேன், கவனிக்கலை. நீங்க அந்தச் சொல்லை எங்கிட்டச் சொல்லலையே மாமா. குறைஞ்சுருச்சுன்னு சொன்னியான்னுதானே கேட்டீக?"

"அதுக்கு அர்த்தம் அதுதானே."

"நான் சொன்னதும் அந்தச் சொல்லுதானே!"

சுருளியம்மாள் போர்வையோடு எழுந்து வந்தாள். "என்னடி, மாமனாரை எதுத்துப் பேசுற?"

பூமாரி குடத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லை அத்தே, நானும் யோக்கியம் இல்லை. ரெண்டு தடவை எண்ணுனேன். ஒண்ணு நாப்பத்தாறு, ஒண்ணு அம்பது. எது சரின்னு தெரியலை. தப்பாச் சொன்னா நம்ம குடும்பத்துக்குக் கேவலம்னு மாமா சொல்லியிருந்தாக. அதனால நம்பரையே முழுங்கிட்டேன். நாப்பத்தாறோ அம்பதோ, எதைச் சொல்லியிருந்தாலும் சிஸ்டருக்கு விளங்கியிருக்கும். பிரசவத்தை விட்டுட்டு ஓடியாந்திருப்பாக. ரெண்டுல எது சரின்னு நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன், அங்கன அவ செத்துக்கிட்டிருந்தா."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சங்கையா அதே இடத்தில் நின்றார். சொல்லைக் கொடுத்தவரும் அவரே, எண்ணிக்கையைப் பிடுங்கியவரும் அவரே. அந்தப் பெண்ணிடம் மிச்சம் என்ன இருந்தது சொல்வதற்கு?

மறுநாள் காலை அவர் சிஸ்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். வாசலில் தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது. சிஸ்டர் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனார். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: அந்தச் சொல் தமிழில் என்ன பொருள் தரும், வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தது யார், விசாரணையில் எந்த இடத்தில் தனக்கு விளங்கியது, விளங்கிய பிறகு தான் என்ன செய்தது.

சிஸ்டர் சாத்தப் போன கதவைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு, "அப்போ அவளும் பொய் சொல்லலை," என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில். அந்தப் பெண் முகத்தில் கோபத்துக்கு முன்னால் ஒரு ஆறுதல் வந்து போனதைச் சங்கையா பார்த்தார். இத்தனை நாளும் அவர் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் கோபம் வந்தது. இதை என்னிடம் சொல்லி என்ன பயன் என்று மலையாளத்தில் கேட்டார். என் முகத்தில் துப்பியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விசாரணை அன்றைக்கே தெரியுமா?

"தெரியும்," என்றார் சங்கையா.

டாக்டரம்மா எழுந்து மானேஜரைப் பார்க்கப் போனார். இவரை உட்காரச் சொல்லவில்லை.

அதற்கடுத்த காலை, ஆள் எடுக்கிற பிரட்டுக் களத்தில் ஜனம் கூடியதும், சங்கையா முன்னால் போய் நின்றார். அந்த இடத்தில் அவர் அப்பா நின்று பெயர் கூப்பிட்டிருக்கிறார். அவரும் கூப்பிட்டிருக்கிறார். இன்று தன் பெயரைத் தானே சொல்ல வேண்டியிருந்தது. கம்பளியும் கூடையுமாக நின்றவர்கள், ஐயா ஏதோ நல்ல சேதி சொல்லப் போகிறார் என்று கிட்டே வந்தார்கள்.

அவர் சுருக்கமாகச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நர்ஸ் பொய் சொல்லவில்லை. பூமாரியும் பொய் சொல்லவில்லை. மாறிடுச்சு என்பது அந்தப் பேச்சில் குணமாயிருச்சு என்று ஆகும். அதைச் சொல்லிக்கொடுத்தது நான். விசாரணையில் தெரிந்தும் மறைத்தது நான்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கத்தரீனாளுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஆத்தாடி! வகுப்புல நாங்க கோரஸாப் பாடுனோமே!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க மருமவளைக் காப்பாத்தத்தான் மறைச்சீக," என்றது ஒரு குரல்.

"என்னைக் காப்பாத்திக்க," என்றார் சங்கையா. "அவ பேரைச் சொல்லிக்கிட்டேன்."

"பெரிய கங்காணி!" என்றது இன்னொரு குரல். அதைச் சொன்னது ஒரு சின்னப் பயல். இதுவரை அந்தக் களத்தில் அப்படி ஒரு பேச்சு அந்தக் குடும்பத்தைப் பார்த்து எழுந்ததில்லை. சங்கையா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பெரியமுத்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். கையை ஓங்குவான் என்று இரண்டு பேர் அவனைப் பிடிக்கப் போனார்கள். அவன் ஓங்கவில்லை.

"அவ மேலயும் தப்பில்லை, இவ மேலயும் தப்பில்லை. அப்ப எம் பொண்டாட்டி எதுக்குய்யா செத்தா? ஒரு சொல்லுக்கா?"

சங்கையா தலையைக் குனிந்தார்.

"ஒரு வாரமா அந்த நர்ஸைத் திட்டித் திட்டித்தான் நான் சோறு தின்னேன்," என்றான் பெரியமுத்து. "எங்க மாமியாளும் அப்படித்தான். மகளைக் கொன்னவளேன்னு பொழுது விடிஞ்சா மண்ணை வாரித் தூத்துது. இனி அந்தக் கிழவிகிட்ட நான் போயி என்னான்னு சொல்ல? எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கே சரியா விளங்கலை. நீங்க வந்து சொல்லுங்க."

அவன் திரும்பி நடந்தான். சங்கையா பின்னால் நடந்தார். ஒரு கங்காணி தொழிலாளிக்குப் பின்னால் போவதை அந்தக் களம் பார்த்தது. கூட்டத்தில் பூமாரி இருந்தாள். அவளும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கொஞ்ச தூரம் விட்டு, கூடவே வந்தாள். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். அவள் நிற்கவில்லை.

கீழ் லயத்தின் கடைசி வீடு அது. உள்ளே புகை. அழகுத்தாயின் தாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"யாரு, மருமகனா? கூட யாரு?"

"கங்காணி ஐயா வந்திருக்காரு அத்தே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

கிழவி பதறி எழுந்தாள். மூலையில் கிடந்த சாக்கை உதறி விரித்தாள். "எங்க வீட்டுக்கா? வாங்க சாமி, வாங்க. உக்காருங்க."

சங்கையா உட்காரவில்லை.

"இவரு எங்கிட்ட எதையாவது சொன்னா எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது சாமி," என்றாள் கிழவி, மருமகனைக் காட்டி. "அழுவேன்னு மறைச்சு மறைச்சுச் சொல்லுதாரு. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்து நின்றாள். சங்கையா ஆரம்பித்தார்.